எண்பத்தேழாம் வரியில் நின்ற பட்டியல்

கக்கூஸின் தகரக் கூரை எழுபது அடி தள்ளி ஒரு லாரியின் மேல் கிடந்தது. உள்ளே இருந்தவன் கூரை போன பிறகும் பத்து நிமிடம் வெளியே வரவில்லை. வந்தபோது தலை முதல் கால் வரை கல்மாவு அப்பி, சுண்ணாம்பு அடித்த தூண் ஒன்று கையில் வாளியோடு நடந்து வந்த மாதிரி இருந்தது. குவாரியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிப்பு பாதியில் இருக்கும்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. வெடி வைத்தபோது பள்ளத்துக்குள் ஒரு ஆள் இருந்திருக்கிறான்.

இது நடந்தது பகல் ஒன்றரைக்கு. இரண்டே முக்காலுக்கு, மேனேஜர் வரவழைத்த துப்பறிவாளர்கள் சல்லடையும் சும்மாடும் குவாரி ஆபீசுக்குள் நுழைந்தார்கள். நான்கு மணிச் சங்குக்கு முன்னால் குற்றவாளி யார் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார் மேனேஜர். சங்கு ஊதியதும் போலீசுக்குப் போன் போடப்போவதாகவும் சொன்னார். குற்றவாளி யார் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். எழுதுகிற வேலை மட்டும்தான் பாக்கி.

எதையும் அலசிப் போட்டுக் கல் தனி, மண் தனி என்று பிரிக்காமல் விடமாட்டாள் என்பதால் அவளுக்குச் சல்லடை என்று பெயர் வந்தது. துப்பறிய வருவதற்கு முன் பதினாறு வருஷம் துறைமுகத்தில் கணினித் திரைகளைப் பழுதுபார்த்தவள். சும்மாடு அவளுடைய அக்காள் புருஷன். இருபது வருஷம் கல் சுமந்து, சும்மாடு வைத்த உச்சந்தலையில் மட்டும் முடி முளைக்காமல் போனவன். இடுப்பு மக்கர் செய்ததும் கல்லை இறக்கி வைத்துவிட்டுக் கொழுந்தியாளின் பையைத் தூக்க வந்தான். கல் எவ்வளவோ தேவலை, அது திருப்பிப் பேசாது என்று வீட்டில் சொல்லிக்கொள்வான்.

குவாரியின் நடைமுறை எளிது. பள்ளத்துக்குள் இறங்குகிறவர்கள் ஆபீஸ் ஜன்னலில் நின்று தங்கள் டோக்கன் எண்ணைச் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் டோக்கன்காரம்மா கணினியில் எண்ணைத் தட்டி 'உள்ளே' என்று ஏற்றுவாள். ஏறி வரும்போது மறுபடி சொன்னால் 'வெளியே' என்று மாற்றுவாள். மதியம் எல்லோரும் ஏறி வந்த பிறகு நூற்றுப் பன்னிரண்டு பேர் கொண்ட முழுப் பட்டியலையும் திரையில் வரவழைப்பாள். திரைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அச்சு மெஷின் அதையே தாளில் அடித்துத் துப்பும். வெடிக்காரர் தாளில் விரலை ஓட்டி, 'உள்ளே' என்று ஒரு வரியும் இல்லை என்று பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் வெடியைத் தட்டுவார். ஒரே பெயரில் ஆறேழு பேர் இருந்ததால் பட்டியலில்கூடப் பட்டப்பெயர்தான்.

இன்றைக்கு அடித்த பட்டியல் எண்பத்தேழாம் வரியில், ஒட்டகம் என்கிற லோடுமேனின் பாதிப் பெயரோடு நின்றிருந்தது. கக்கூஸில் இருந்தவனின் டோக்கன் தொண்ணூற்றொன்று.

"கக்கூஸ்ல இருந்தது யாரு தெரியுமா? அவ புருஷன்," என்றார் மேனேஜர். "ரெண்டு பேரும் பதினோரு நாளா பேச்சுவார்த்தை இல்ல. புருஷன் பேரு வர்ற நேரம் பார்த்து நிறுத்துற பட்டனை அமுக்கிட்டா. இதுக்கு மேல என்ன துப்பு வேணும் உங்களுக்கு?"

"ஏங்க, பேசாம இருக்கிற பொண்டாட்டியெல்லாம் வெடி வைக்க ஆரம்பிச்சா நான் எட்டு தடவை செத்திருப்பேன்," என்றான் சும்மாடு.

டோக்கன்காரம்மா மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். குட்டையான, உருண்டையான உடம்பு. மடியில் கழுவிய டிபன் பாக்ஸ். அழுத அடையாளம் எதுவும் முகத்தில் இல்லை. யாராவது நீ அழவில்லையே என்று கேட்டால் கடித்துவிடுவாள் போலிருந்தது. ஒன்பது வருஷமாக அந்த ஸ்டூலில் இருக்கிறாள், ஒரு எண்ணைக்கூட மாற்றித் தட்டியதில்லை. புருஷன் சம்பளம் வீட்டு வாடகைக்கு, இவள் சம்பளம் மற்ற எல்லாவற்றுக்கும். வேலை போவது ஒரு பக்கம். கட்டினவனைக் கொல்லப் பார்த்தவள் என்ற பேச்சோடு போவது வேறு.

பன்னிரண்டே முக்காலுக்கு டிபன் பாக்ஸோடு குழாயடிக்குப் போனதாகவும், அங்கே கூட்டமாக இருந்ததால் ஒரு மணிக்குத் திரும்பியதாகவும், ஒன்று இருபதுக்குப் பட்டியல் எடுத்ததாகவும் ஒப்பித்தாள். எந்த பட்டனையும் அமுக்கவில்லை. தாள் நின்றதும் பட்டியல் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கிழித்து வெடிக்காரரிடம் நீட்டினாள். பட்டியல் கடைசி வரை போகவில்லை என்பதைப் பார்க்காதது தன் தப்புதான். அதை மட்டும் ஒத்துக்கொள்கிறாள்.

எதற்குச் சண்டை என்று சும்மாடு கேட்டான்.

"அது எங்க வீட்டு விஷயம். நீங்க வெடி விஷயத்தைக் கேளுங்க."

வெளியே பெஞ்சில் புருஷன் உட்கார்ந்திருந்தான். டிரில் ஓட்டுகிறவன். மாவைத் துடைத்துக்கொள்ளவில்லை, சாட்சிக்கு இருக்கட்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாளியையும் விடவில்லை. இமைத்தால் மட்டும் கண் இருந்த இடம் தெரிந்தது. வயிறு சரியில்லாததால் சாப்பாட்டு நேரத்தில் மேலே ஏறவே இல்லை என்றான். எச்சரிக்கைச் சங்கு கேட்டதா என்றதற்கு, கேட்டது, ஆனால் எழுந்து ஓடுகிற நிலைமையில் தான் இல்லை என்றான். மனைவி வேண்டுமென்றே செய்திருப்பாளா என்று சல்லடை கேட்டாள்.

"அவளுக்குக் கோவம் வரும்ங்க. ஆனா ஆளைத் தூக்குற அளவுக்கு..." வாளியை மடிக்கு இழுத்துக்கொண்டான். "தெரியலைங்க. குழாயடியில அவ்வளவு கூட்டத்துல நின்னு பாக்ஸைக் கழுவிட்டு வந்திருக்கா, அந்தக் கடுப்பு வேற இருந்திருக்கும்."

சல்லடை தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். சும்மாடு பின்னால் போனபோது அவள் உதட்டோரம் லேசாகச் சுழித்திருப்பதைப் பார்த்தான். யாரோ சிக்கிவிட்டால்தான் அந்தச் சுழிப்பு வரும். யார் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

வெடிக்குப் பிறகு கல் அள்ள இறங்கியவர்களின் எண்களை ஏற்றி முடித்ததுமே மேனேஜர் கணினியைத் துணி போட்டு மூடி அறையைப் பூட்டிவிட்டார். அந்த ஒரு நல்ல காரியத்தை அவர் செய்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். சல்லடை துணியை விலக்கி, எதையும் தொடாமல் மூக்கு இடிக்கும் அளவுக்கு விசைப்பலகையின் மேல் குனிந்து பார்த்தாள். திரையின் விளிம்பில், போன மாதம் பழுது பார்த்ததற்கு அடையாளமாக ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதில் போன் எண்ணும் கையெழுத்தும் இருந்தன. அது யார் என்று கேட்டாள். தன் மச்சினன்தான் என்றும், கம்ப்யூட்டரில் புலி என்றும், பாதிச் செலவில் முடித்துக் கொடுத்தான் என்றும் மேனேஜர் பெருமையாகச் சொன்னார்.

பிறகு அவள் டோக்கன்காரம்மாவை வெளியே போய் வேப்பமரத்தடியில் எல்லோரும் பார்க்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னாள். மேனேஜரை ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"இப்ப நீங்கதான் அவங்க. பட்டியலை வரவழைங்க. பாதியில நிறுத்துற பட்டனை அமுக்குங்க."

மேனேஜர் அமுக்கினார். பட்டியல் இருபதாம் வரியில் நின்றது. நின்ற இடத்தில் கூரை வடிவத்தில் ஒரு குறியும் ஓர் எழுத்தும் விழுந்தன. தாளிலும் அதே குறி விழுந்தது. சல்லடை மதியத் தாளைப் பக்கத்தில் வைத்தாள். ஒட்டகத்தின் பாதிப் பெயருக்குப் பின்னால் அப்படி ஒரு குறியும் இல்லை. டோக்கன்காரம்மா அந்த பட்டனை அமுக்கவில்லை.

மேனேஜர் அசரவில்லை. நிறுத்துவதற்கு ஒரு பட்டன் என்றால், ஓடுகிறதைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்க இன்னொரு பட்டன் இருக்கிறது. அதற்குக் குறி விழாது. அதை அமுக்கிவிட்டுத் தாளைக் கிழித்திருப்பாள் என்றார். சல்லடைக்கு அவர் மேல் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. அதையும் செய்து பார்க்கச் சொன்னாள்.

அவர் மறுபடி பட்டியலை ஓடவிட்டு முப்பதாம் வரியில் பிடித்தார். திரை சிலை மாதிரி நின்றது. விடுவித்தார். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று மீதி வரிகள் ஓடி வந்தன. எழுபது. எண்பது. எண்பத்தேழு. ஒட்டகத்தின் பாதிப் பெயர். அதே பாதி.

அங்கேயே நின்றுவிட்டது.

மேனேஜர் விரலை பட்டனிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். ஜன்னல் வழியே வேப்பமரத்தடி தெரிந்தது. டோக்கன்காரம்மா இரண்டு கையையும் தூக்கியபடி, பஸ்ஸை மறிக்கிறவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"இப்ப யாரைக் கொல்லப் பார்த்தீங்க சார்? ஒட்டகத்தையா?" என்றான் சும்மாடு.

மெஷின் கெட்டுவிட்டது என்றார் மேனேஜர். சரி, அப்படியானால் கெடுத்தது யார்? மச்சினன் போன மாதம் பழுது பார்த்தபோது முழுப் பட்டியல் வந்தது. நேற்றும் வந்தது. அவளைத் தவிர வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. ஆக அவள்தான். வட்டம் சுற்றி அவர் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார். மணி மூன்று பத்து.

"மெஷின் கெடல," என்றாள் சல்லடை. "அதுக்கு யாரோ தப்பான உத்தரவு கொடுத்திருக்காங்க. மாமா, நீங்க லாரிக்குக் கல்லு சுமந்தப்ப, லாரியில இடம் இல்லைன்னா என்ன செய்வீங்க?"

"நிப்பேன். தலையில கல்லோட. மேல அடுக்குறவன் நகர்த்தி இடம் பண்ற வரைக்கும் நிப்பேன்."

"நிக்கக் கூடாதுன்னு மேஸ்திரி சொல்லிட்டா?"

"அப்படி ஒரு கிறுக்கன் இருந்தான். நிக்காதே, நிக்காதேன்னு கத்துவான்."

"என்ன செஞ்சீங்க?"

"நின்ன இடத்துலயே தொப்புன்னு போட்டுட்டு அடுத்த கல்லுக்குப் போயிட்டேன். அவன் கால்ல விழும்னு பார்த்தேன். விழல."

அதுதான் இது என்றாள் சல்லடை. திரை மெதுவாக எழுதும். பட்டியலைத் தருகிற நிரல் வேகமாகக் கொட்டும். நடுவில் இருக்கிற இடம் லாரி மாதிரி, கொஞ்சம்தான் கொள்ளும். வழக்கமாக நிரல், இடம் காலியாகும் வரை வரியைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும். யாரோ இந்தத் திரைக்கு 'யாரையும் நிற்க வைக்காதே' என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். எண்பத்தாறரை வரியில் லாரி நிரம்பிவிட்டது. மீதியெல்லாம் கீழே விழுந்தது. நிரலை எழுதிய புண்ணியவான் கல் லாரியில் ஏறியதா என்று திரும்பிப் பார்க்கும்படி எழுதவில்லை. ஒற்றை எண்ணைத் தட்டும்போது லாரி நிரம்பாது. அதனால்தான் மதியம் முழுக்க யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

சும்மாட்டுக்குத் தன் பழைய தலைவலி திடீரென்று கணினிப் படிப்பாக மாறியதில் ஒரு கர்வம் வந்தது. மேனேஜரைப் பார்த்து, புரியவில்லை என்றால் மறுபடி சொல்லட்டுமா என்று கேட்டான்.

"அந்த உத்தரவை எவன் போடுவான்? எதுக்கு?" என்றார் மேனேஜர்.

சல்லடை அவருடைய வெள்ளைக் கைக்குட்டையைக் கேட்டு வாங்கினாள். டோக்கன் வேலைக்கு எண்களும் மேல் வரிசையில் மூன்று விசைகளும் போதும். அவை மட்டும் தேய்ந்து பளபளத்தன. எழுத்து விசைகளின் மேல் ஒரு விரற்கடை கல்தூசி. ஆனால் நடு வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த நான்கு எழுத்துகளில் மட்டும் தூசி இல்லை. கைக்குட்டையால் அவற்றை ஒற்றி எடுத்தாள். துணியில் நான்கு கறுப்புப் பொட்டுகள் விழுந்தன.

சும்மாடு முகர்ந்து பார்த்தான். "கிரீஸ். டிரில்லுக்குப் போடுறது. கம்ப்ரஸருக்கும் போடுவாங்க."

மேனேஜர் கைக்குட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்துச் சல்லடை இரண்டு விரலால் ஏதோ தட்டினாள். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. இந்தத் திரைக்குப் பின்னால் ஒருவன் தூங்கிக்கொண்டிருக்கிறான் என்றாள். பன்னிரண்டு நாற்பத்தேழுக்கு ஆரம்பித்த ஒரு நிரல். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு யாரோ அதை முடிக்காமல் அப்படியே தூங்க வைத்துவிட்டு, திரையைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நேரத்தில் டோக்கன்காரம்மா குழாயடியில் இருந்ததற்கு இருபது பெண்கள் சாட்சி.

"எழுப்பும்மா, யாருன்னு பார்ப்போம்," என்றான் சும்மாடு.

"இப்ப வேண்டாம். பார்க்க ஆள் இல்லாம எழுப்பி என்ன பிரயோஜனம்? மாமா, இந்தக் குவாரியில கையில கிரீஸ் ஒட்டுற ஆளுங்க எத்தனை பேரோ அத்தனை பேரையும் கூட்டிட்டு வாங்க. அந்தம்மாவையும் கையை இறக்கிட்டு உள்ள வரச் சொல்லுங்க. பாவம், நான் மறந்தே போயிட்டேன்."

ஏழு பேர் வந்தார்கள். நான்கு டிரில்காரர்கள், இரண்டு கம்ப்ரஸர் ஆட்கள், ஒரு மெக்கானிக். கக்கூஸ்காரனும் அதில் ஒருவன். வெள்ளைப் பூச்சோடு கடைசியில் சுவரோரம் நின்றான். சுவருக்கும் அவனுக்கும் வித்தியாசம் குறைவாக இருந்தது. பாதிக்கப்பட்டவனையும் நிற்க வைப்பது நியாயமா என்று மேனேஜர் முணுமுணுத்தார். வெடிக்காரர் கதவோரம் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். கையெழுத்து அவருடையது. டோக்கன்காரம்மா மரத்துப்போன தோளைத் தேய்த்துக்கொண்டு ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். புருஷன் நின்ற பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் பார்த்தாள். மணி மூன்று நாற்பது.

சல்லடை ஒன்றையும் விளக்கவில்லை. எல்லோரும் திரையைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு சொல்லைத் தட்டினாள்.

திரை இருண்டு, நான்கு பக்கமும் கோடு போட்ட ஒரு பெட்டி வந்தது. பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக ஒரு நீளமான பாம்பு. வளைந்து வளைந்து பாதித் திரையை அடைத்துக்கொண்டிருந்தது. விட்ட இடத்திலிருந்து அது ஊர ஆரம்பித்தது. மேலே எண்ணிக்கை முந்நூற்று நாற்பது. அதற்குப் பக்கத்தில் ஆடுகிறவரின் பெயர், என்றோ ஒரு நாள் ஆங்கில எழுத்தில் தட்டி வைத்தது.

மெக்கானிக்தான் எழுத்துக் கூட்டிப் படித்தான். "பூ... ச... ணி. குட்டிப்பூசணி."

அறையில் யாரோ களுக்கென்று சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மேனேஜரின் பார்வை டோக்கன்காரம்மாவின் மேல் விழுந்து, அவளுடைய உருவத்தை மேலும் கீழும் ஒரு முறை அளந்தது.

"யாரு இது? நீயா? வேலை நேரத்துல பாம்பு விளையாடினது நீயா?"

டோக்கன்காரம்மாவின் முகம் செங்கல் சூளை மாதிரி சிவந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டாள். சும்மாடு அதைப் பார்த்தான். அந்தப் பெயரை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். எவன் வாயால் கேட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும். சொன்னால் யாருக்கு வேலை போகும் என்பதும் அந்த ஒரு நொடிக்குள் தெரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். "பேச மாட்டேங்கிறா பாருங்க," என்றார் மேனேஜர்.

இதற்குள் பாம்பு பெட்டியின் வலது சுவரை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"பாம்புக்கு ஒரு குணம் உண்டு," என்றாள் சல்லடை, நிதானமாக, அவசரமே இல்லாதவள் போல. "நீங்க விசையைத் தட்டினாலும் தட்டாட்டியும் அது ஊரணும். யாராவது தட்டட்டும்னு காத்திருந்தா அது பாம்பில்ல, கயிறு. அதனால விளையாட்டு ஆரம்பிக்கும்போதே, காத்திருக்காதேன்னு உத்தரவு போட்டுடும். விசைக்குப் போட்ட உத்தரவு திரைக்கும் சேர்ந்து விழுந்துடும், ரெண்டுக்கும் வாசல் ஒண்ணுதான். ஒழுங்கா முடிச்சுட்டு வெளிய வந்தா, விளையாட்டே பழைய உத்தரவைத் திருப்பிப் போட்டுட்டுப் போகும். ஆனா இந்த ஆளுக்கு முடிக்க மனசு வரல. முந்நூத்தி நாப்பது இல்லையா? அப்புறமா வந்து தொடரலாம்னு தூங்க வச்சுட்டுப் போயிட்டாரு."

பாம்புக்கும் சுவருக்கும் நடுவில் பத்துப் புள்ளி. எட்டு. கொலைக் கேஸ் எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. சும்மாட்டுக்கே கை பரபரத்தது.

"போகட்டும்," என்றாள் சல்லடை. "சுவத்துல முட்டிச் சாகட்டும்."

ஐந்து. நான்கு.

"கீழ! கீழ திருப்பு!"

சுவரோரத்திலிருந்து வெள்ளையாக ஒன்று பாய்ந்தது. வாளி உருண்டது. இரண்டு பேர் விலகினார்கள். கல்மாவு புகை மாதிரி எழுந்தது. மாவுக்குள்ளிருந்து நீண்ட விரல் ஒன்று, விசைப்பலகையைப் பார்க்காமலே, நான்கு எழுத்துகளில் இரண்டாவதன் மேல் போய் உட்கார்ந்தது. பாம்பு சுவரை உரசிக்கொண்டு கீழே திரும்பிப் பிழைத்தது.

டிரில்காரன் பெருமூச்சு விட்டான். பிறகுதான் தன் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தான். பிறகு அறையைப் பார்த்தான். கடைசியாக மனைவியைப் பார்த்தான்.

"குழாயடியில இன்னைக்குக் கூட்டம்னு எங்கிட்ட சொன்னீங்களே," என்றாள் சல்லடை. "பள்ளத்துக்குள்ள இருந்து குழாயடி தெரியுமா?"

தெரியாது. ஆபீஸ் ஜன்னலில் இருந்துதான் தெரியும். அவன் மறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கிரஷருக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏறி வந்தான். ஜன்னலில் நின்று எண் சொல்ல மனசில்லை. அவள் குழாயடிக்குப் போனதும் உள்ளே புகுந்தான். பத்து நாளாக இதே வேலை. அவள் திரும்பி வருகிற சத்தம் கேட்டதும் பாம்பைத் தூங்கவைத்துவிட்டு வந்த வழியே இறங்கி, யார் கண்ணிலும் படாமல் உட்கார கக்கூஸுக்குள் போனான். பட்டியலில் தன் வரி விழாமல் போனதற்குக் காரணம் தானே என்பது அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

"எனக்கு நானே வெடி வச்சுக்கிட்டேனா?"

"பாதி," என்றான் சும்மாடு. "மீதிப் பாதி வயித்துக்கோளாறு."

டோக்கன்காரம்மா பதினோரு நாளுக்குப் பிறகு புருஷனைப் பார்த்துப் பேசினாள். "உன்னை உள்ளேன்னுதான் ஏத்தியிருந்தேன். நீ உள்ளதான் இருந்தே. என் பட்டியல் சரி." ஓர் அடி முன்னால் வந்தாள். "எதுக்குய்யா மேடேறிப் போனே? ஒரு நம்பர் சொல்ல என்ன கேடு?"

"நம்பரைச் சொல்லுய்யா, வரிசை நிக்குதுன்னு அத்தனை பேர் முன்னாடி நீதான் கத்தினே."

"நீ நம்பருக்குப் பதிலா என்ன சொன்னே?"

அவன் திரையைப் பார்த்தான். அறையும் திரையைப் பார்த்தது. குட்டிப்பூசணி என்று அதில் பளிச்சென்று இருந்தது. பதினோரு நாள் சண்டையின் காரணம் மீதி ஆறு கிரீஸ் கைகளுக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரையும் இன்றே கணக்குத் தீர்த்து அனுப்பப்போவதாகச் சொன்னார். சல்லடை பையிலிருந்து தாளை எடுத்து, அப்படியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தாள். எழுதுவதை முதலில் இருந்துதானே எழுத வேண்டும்? அதனால் இந்த விளையாட்டை இந்த மெஷினுக்குள் போட்டது யார் என்பதில் ஆரம்பிக்கலாம் என்றாள். போன மாதம் பழுது பார்த்த அன்றைக்குத்தான் அது ஏறியிருக்கிறது; தேதி மெஷினிலேயே இருக்கிறது. பாம்பு எப்படி ஊரும் என்று டிரில்காரருக்குக் காட்டிக் கொடுத்தது யார்?

"பழுது பாக்க வந்தவர்தாங்க," என்றான் டிரில்காரன் வாளியின் மேலிருந்து. "நல்ல மனுஷன்."

"கம்ப்யூட்டர்ல புலி," என்றான் சும்மாடு. "பாம்பும் வளக்கிறாரு."

மேனேஜர் ஸ்டிக்கரைப் பார்த்தார். ஸ்டிக்கரில் இருந்த கையெழுத்து அவரைப் பார்த்தது. வீட்டுக்குப் போனால் மச்சினனின் அக்காள் இருக்கிறாள் என்ற நினைப்பு அவர் முகத்தில் மெதுவாகப் படர்வதைச் சும்மாடு ரசித்துப் பார்த்தான். அவனுக்கும் ஒரு மாமனார் வீடு இருந்ததால் அந்த முகம் நன்றாகப் புரிந்தது.

அறிக்கை சின்னதாக முடிந்தது. பட்டியலின் கடைசியில் 'முடிந்தது' என்கிற வரி வராமல் இனிமேல் வெடிக்காரர் கையெழுத்துப் போடக் கூடாது. மதியத் தாளில் அந்த வரி இல்லாததை யாரும் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் அறையைப் பூட்ட வேண்டும். பாம்பு வெளியேற்றப்பட வேண்டும். கக்கூஸ் கூரையை டிரில்காரர் தன் கையால் போட்டுத்தர வேண்டும். டோக்கன்காரம்மாவின் மேல் எந்தத் தப்பும் இல்லை. மேனேஜர் கடைசி வரியைத் தவிர மற்றதையெல்லாம் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கடைசி வரியையும் சத்தம் போட்டுப் படிக்கும்படி சும்மாடு கேட்டுக்கொண்டான். படித்தார்.

சல்லடை விளையாட்டை ஒழுங்காக முடித்து வெளியே வந்தாள். டிரில்காரன் கண்ணை மூடிக்கொண்டான். பட்டியலை மறுபடி ஓடவிட்டாள். எண்பத்தேழில் ஒட்டகம் முழுசாக வந்தான். தொண்ணூற்றொன்று வந்தது. நூற்றுப் பன்னிரண்டு வந்தது. முடிந்தது என்று வந்தது. ஒரு கல்லும் கீழே விழவில்லை.

நான்கு மணிச் சங்கு ஊதியது. ஒன்றரைக்குப் பிறகு பள்ளத்தில் இடிந்த கல்லை அள்ள இறங்கியவர்கள் ஒவ்வொருவராக ஏறி வந்து ஜன்னலில் நின்றார்கள். டோக்கன்காரம்மா தன் ஸ்டூலில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து எண்களைத் தட்டினாள். அவளுடைய புருஷன் காலையில் உள்ளே போனவன், இன்னும் 'உள்ளே' என்றே இருந்தான். ஆபீசுக்கு வெளியே நின்றாலும், எண் சொல்லாமல் பட்டியலில் வெளியே வர முடியாது. மாவும் வாளியுமாக அவனும் வரிசையில் போய் நின்றான்.

வாசலில் சும்மாடு பையைத் தோளில் மாட்டியபடி கொழுந்தியாளை இழுத்துப் பிடித்தான். ஒரு நிமிஷம் இரு, இதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றான்.

டிரில்காரன் ஜன்னலுக்கு வந்தான். "தொண்ணூத்தொண்ணு," என்றான்.

அவள் தட்டவில்லை. விசைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு, அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் இருந்த ஒட்டகம், என்ன, மெஷின் மறுபடி நின்றுபோச்சா என்று கேட்டான். வரிசை மேட்டுக்கு வளைந்து கிரஷர் வரை நீண்டது. அவள் அசையவில்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கத் தயாராக இருக்கிறவளின் முகம் அது.

டிரில்காரன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஜன்னல் கம்பியில் வாயை வைத்து ஏதோ கிசுகிசுத்தான்.

"சத்தமா," என்றாள் டோக்கன்காரம்மா. "வரிசைக்குக் கேக்கட்டும்."

அவன் அந்தப் பெயரைச் சொன்னான். கிரஷர் வரை கேட்டது.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் தட்டினாள். தொண்ணூற்றொன்று, வெளியே.